"அனுப்பிட்டோம்"னு சொன்னா போதுமா? ரெண்டு கம்பெனிக்கு நடுவுல டேட்டா எப்படிப் பத்திரமா போகுது

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதை அப்படியே போடாம, ஒரே விஷயம் திரும்ப வந்த இடங்களை வெட்டி, படிக்கிறதுக்கு வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கேன்.)

[00:00] ஒரு போன் கால்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "பெரிய பெரிய கம்பெனிங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் ஆர்டர், பில் எல்லாம் எப்படி அனுப்பிக்கிறாங்க? மெயில்லயா? வாட்ஸ்அப்லயா? ஏபிஐ-லயா?" இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம். என் சம்பளமே இதுலதான் வருது, அதனால கொஞ்சம் உற்சாகம் அதிகமா இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு கதை. நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். எங்க டீமோட வேலை, கிளையன்ட் கம்பெனியையும் அவங்க வியாபாரம் பண்ற மத்த கம்பெனிகளையும் இணைச்சு விடறது. கிளையன்ட்ல ஒருத்தர் கொங்கு பக்கம் துணி ஏற்றுமதி பண்றவங்க. வெளிநாட்டுல ஒரு பெரிய ரீடெயில் செயினுக்கு சட்டை அனுப்புவாங்க. பெயர் ரெண்டுமே வேண்டாம்.

ஒரு திங்கட்கிழமை காலையில அந்த கம்பெனி அக்கவுண்டன்ட் போன் பண்ணார். "தம்பி, மூணு ஷிப்மென்ட்டுக்கு ஃபைன் போட்டிருக்காங்க. சரக்கு கிளம்பின தகவல் வரவே இல்லைங்கறாங்க. நாம அனுப்புனமுங்களே?"

மூணுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 4 லட்சம் ரூபாய். அந்த ரீடெயில் செயினுக்கு அது காசே இல்ல. இவங்களுக்கு, அந்த மாசத்து ஓவர்டைம் சம்பளம்.

நான் சிஸ்டத்துல பார்த்தேன். மூணு ஃபைலுக்கும் பக்கத்துல 'அனுப்பப்பட்டது'ன்னு இருக்கு. "அண்ணா, அனுப்பிட்டோம்ணா. தைரியமா சொல்லுங்க"ன்னேன்.

பின்னாடி உட்கார்ந்திருந்த என் டீம் லீடு நாற்காலியைத் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "அனுப்பினது சரி. அவங்களுக்குக் கிடைச்சதுக்கு உன்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

இந்த எபிசோடு முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

[02:10] ஒரு சட்டைக்குப் பின்னாடி எத்தனை ஃபைல்

ரெண்டு கம்பெனிக்கு நடுவுல என்னதான் போகுது, வருதுன்னு முதல்ல பார்த்துடலாம்.

கடைக்காரர் "எனக்கு இந்த அளவுல 1,000 சட்டை வேணும்"னு ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புவார். சப்ளையர் "சரி, தர்றேன்"னு பதில் அனுப்புவார். சரக்கு கிளம்பும்போது "இந்த கன்டெய்னர்ல, இந்த அட்டைப்பெட்டியில, இத்தனை சட்டை இருக்கு"ன்னு முன்கூட்டியே ஒரு தகவல் போகணும். இதைத்தான் ஏஎஸ்என்னு சொல்வோம். சரக்கு வந்து இறங்கறதுக்கு முன்னாடி இது போயிடணும், ஏன்னா கிடங்குல இருக்கறவங்க அதை வெச்சுத்தான் பெட்டியை ஸ்கேன் பண்ணி உள்ள எடுப்பாங்க. அது வரலைன்னா ஒவ்வொரு பெட்டியா பிரிச்சு எண்ணணும். அதுக்குத்தான் ஃபைன். கடைசியா இன்வாய்ஸ்.

இதை எல்லாம் மனுஷங்க டைப் பண்ணா நாள் பத்தாது. அதனால ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டர் நேரடியா இன்னொரு கம்பெனியோட கம்ப்யூட்டருக்கு, ரெண்டு பேருக்கும் புரியற ஒரே அமைப்புல அனுப்பும். இதுக்குப் பேர் இடிஐ, எலெக்ட்ரானிக் டேட்டா இன்டர்சேஞ்ச்.

இது இன்டர்நெட்டை விடப் பழசு. 1948-ல சோவியத் யூனியன் மேற்கு பெர்லினுக்குப் போற ரோடு, ரயில், கால்வாய் எல்லாத்தையும் அடைச்சது. அமெரிக்காவும் பிரிட்டனும் சாப்பாடு, நிலக்கரி எல்லாத்தையும் விமானத்துல கொண்டு போய் இறக்கினாங்க. ஒவ்வொரு விமானத்துலயும் சரக்குப் பட்டியல் ஒவ்வொரு மாதிரி இருந்தா என்ன ஆகும்? எட் கில்பெர்ட்னு ஒரு அமெரிக்க ராணுவ சார்ஜென்ட், எல்லாருக்கும் பொதுவா ஒரே பட்டியல் அமைப்பை உருவாக்கினார். டெலக்ஸ்லயோ போன்லயோ கூட அனுப்பலாம். அதுக்கு அப்புறமும் அவர் அந்த யோசனையை விடல. 1968-ல அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நிறுவனங்கள் இதுக்குன்னே ஒரு குழுவை ஆரம்பிச்சாங்க. 1979-ல எக்ஸ்12 கமிட்டி வந்துச்சு, 1987-ல ஐக்கிய நாடுகள் சபை ஆதரவோட எடிஃபேக்ட் வந்துச்சு.

எக்ஸ்12-ல ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. பர்ச்சேஸ் ஆர்டர்னா 850, ஏஎஸ்என்னா 856, இன்வாய்ஸ்னா 810. எங்க ஆபீஸ்ல டீ குடிக்கும்போது கூட "856 போயிடுச்சா?"ன்னுதான் பேசிக்குவோம். வெளிய இருந்து கேட்டா பஸ் நம்பர் மாதிரி இருக்கும்.

[05:40] எந்த வழியா அனுப்பறது

ஃபைல் ரெடி. இப்ப எப்படி அனுப்பறது?

ரொம்ப காலம் இதுக்கு நடுவுல ஒரு தரகர் இருந்தார். வேல்யூ ஆடட் நெட்வொர்க்னு பேர். கிட்டத்தட்ட தனியார் போஸ்ட் ஆபீஸ். ஒவ்வொரு கம்பெனிக்கும் அங்க ஒரு பெட்டி. நீங்க போடுவீங்க, அவங்க எடுத்துப்பாங்க. பத்திரமான ஏற்பாடுதான், ஆனா காசு. எத்தனை எழுத்து அனுப்பறீங்களோ அதைக் கணக்குப் பண்ணி, ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவுன்னு பில் போடுவாங்க. தந்தி காலம் மாதிரியேதான்.

அப்புறம் இன்டர்நெட் வந்துச்சு. ஏறக்குறைய இலவசம். ஆனா அது பொது ரோடு. யார் வேணா நடக்கலாம், யார் வேணா எட்டிப் பார்க்கலாம்.

"மெயில்ல அனுப்பிட வேண்டியதுதானே?"ன்னு கேட்பீங்க. மெயில்ல என்ன நடக்கும்னு ஒரு நிஜக் கேஸ் சொல்றேன். 2013-க்கும் 2015-க்கும் நடுவுல, எவால்டாஸ் ரிமாசவுஸ்காஸ்னு லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருத்தர், தைவானோட குவான்டா கம்ப்யூட்டர் கம்பெனி பேர்லயே ஒரு கம்பெனியைப் பதிவு பண்ணார். குவான்டா அனுப்பற மாதிரியே மெயில், இன்வாய்ஸ், கான்ட்ராக்ட் எல்லாம் தயார் பண்ணி ரெண்டு கஸ்டமருக்கு அனுப்பினார். அவங்களும் பணத்தை அவர் சொன்ன அக்கவுண்டுக்கு அனுப்பினாங்க. மொத்தம் 10 கோடி டாலருக்கும் மேல. அந்த ரெண்டு கஸ்டமர் யாருன்னு நினைக்கறீங்க? கூகுளும் ஃபேஸ்புக்கும். 2019-ல அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 வருஷம் சிறைத்தண்டனை கொடுத்துச்சு.

இந்தக் கேஸ்ல கவனிங்க. அவர் யாரோட ரகசியத்தையும் உடைக்க வேண்டிய அவசியமே இல்ல. "நான் தான் குவான்டா"ன்னு சொன்னார், எதிர்ல இருந்தவங்க நம்பினாங்க. அவ்வளவுதான்.

அதனால பாதுகாப்புன்னா ஃபைலைப் பூட்டறது மட்டும் இல்ல. நாலு கேள்விக்குப் பதில் வேணும். ஒண்ணு, வழியில யாராவது படிச்சாங்களா? ரெண்டு, வழியில யாராவது மாத்தினாங்களா? மூணு, அனுப்பினது உண்மையிலேயே அவங்கதானா? நாலு, கிடைச்சதா, கிடைச்ச பிறகு "வரவே இல்ல"ன்னு அவங்க சொன்னா என்ன பண்றது?

முதல் மூணைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. நாலாவதுலதான் எங்க அக்கவுண்டன்ட் அண்ணா மாட்டிக்கிட்டார்.

[08:30] உண்டியலும் கைநாட்டும்

இந்த நாலுக்கும் சேர்த்து உருவான முறைதான் ஏஎஸ்2. டேல் மோபெர்க், ரிக் டிரம்மண்ட் ரெண்டு பேரும் எழுதின ஆர்எஃப்சி 4130-னு 2005 ஜூலையில அதிகாரபூர்வமா வெளிவந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே, அது வரைவா இருக்கும்போதே, 2002-ல வால்மார்ட் தன்னோட சப்ளையர்களை "இனிமே ஏஎஸ்2-ல வாங்க"ன்னு சொல்லிடுச்சு. வால்மார்ட் சொன்னா சப்ளையர் கேட்டுத்தானே ஆகணும்? அப்படியே ரீடெயில் உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

இது உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு படிப்படியா பார்க்கலாம். அடிப்படை என்னன்னா, ஒவ்வொரு கம்பெனிக்கும் ரெண்டு சாவி. ஒண்ணு பப்ளிக் கீ, யாருக்கு வேணா கொடுக்கலாம். இன்னொண்ணு பிரைவேட் கீ, யாருக்கும் கொடுக்கக் கூடாது.

கோயில் உண்டியலை நினைச்சுக்கோங்க. யார் வேணா காசு போடலாம். போட்டவரே நினைச்சாலும் திரும்ப எடுக்க முடியாது. சாவி வெச்சிருக்கற கோயில் நிர்வாகம் மட்டும்தான் திறக்கலாம். பப்ளிக் கீ அந்த உண்டியலோட வாய். நான் கடைக்காரரோட பப்ளிக் கீயை வெச்சு ஃபைலைப் பூட்டினா, அவர் பிரைவேட் கீயால மட்டும்தான் திறக்க முடியும். முதல் கேள்வி முடிஞ்சது.

(நிஜத்துல இதுல இன்னொரு படி இருக்கு. பெரிய ஃபைல் முழுசையும் பப்ளிக் கீயால பூட்டினா ரொம்ப மெதுவா இருக்கும். அதனால ஒரே ஒரு தடவை மட்டும் பயன்படற ஒரு தற்காலிக சாவியை உருவாக்கி ஃபைலை அதால பூட்டுவோம். அந்தக் குட்டி சாவியை மட்டும் பப்ளிக் கீயால பூட்டி கூடவே அனுப்புவோம்.)

ரெண்டாவது கேள்விக்கு ஹாஷ். ஒரு ஃபைல் எவ்வளவு பெருசா இருந்தாலும், அதைக் கணக்குப் போட்டு ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு ஒரு குறியீடு எடுக்கலாம். உள்ள 1,000 சட்டைங்கறது 1,001-னு மாறினாலும் குறியீடு அடையாளமே தெரியாம மாறிடும். முடிவுல வந்த குறியீட்டை வெச்சு ஃபைலைத் திரும்ப உருவாக்கவும் முடியாது.

மூணாவதுக்கு டிஜிட்டல் கையெழுத்து. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பத்திரம் பதியும்போது கைரேகை வைப்போம் இல்லையா? ரேகையை வைக்கறது உங்க விரலால மட்டும்தான் முடியும். ஆனா அது உங்களோடதுதானான்னு ஒப்பிட்டுப் பார்க்கறது யாராலயும் முடியும். அதே மாதிரி, நான் அந்த ஹாஷை என் பிரைவேட் கீயால கையெழுத்துப் போடறேன். எதிர்ல இருக்கறவர் என் பப்ளிக் கீயை வெச்சு சரிபார்க்கறார். பொருந்தினா அனுப்பினது நான்தான், வழியில யாரும் கை வைக்கலன்னு அர்த்தம்.

வழக்கமா முதல்ல கையெழுத்து, அப்புறம் பூட்டு. கைநாட்டு வெச்ச பத்திரத்தை உண்டியல்ல போடற மாதிரி. இந்த மொத்த மூட்டையையும் நீங்க தினமும் பிரவுசர்ல பயன்படுத்தற அதே ஹெச்டிடிபி வழியா எதிர் சர்வருக்கு அனுப்பிடறோம். "யார்கிட்ட இருந்து, யாருக்கு, இந்த மெசேஜோட தனி நம்பர் என்ன, எனக்கு ரசீது வேணும்"னு மேல நாலு வரி விலாசம் இருக்கும்.

இங்க ஒரு நல்ல கேள்வி வரும். "ஹெச்டிடிபிஎஸ்லதான் எல்லாமே பூட்டியே போகுதே, அப்புறம் எதுக்கு ரெண்டாவது பூட்டு?" ஹெச்டிடிபிஎஸ் பாதுகாக்கறது குழாயை. தண்ணி குழாய்ல இருந்து வெளிய வந்ததும் அதோட வேலை முடிஞ்சுது. பெரிய கம்பெனிகள்ல அந்தக் குழாய் வாசல்லயே முடிஞ்சிடும், அங்க இருந்து உள்ள நாலஞ்சு சர்வர் தாண்டித்தான் ஃபைல் போகும். அதோட, ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்துக் காட்ட ஒரு கையெழுத்தும் அதுல மிச்சம் இருக்காது. ஏஎஸ்2-ல பூட்டும் கையெழுத்தும் ஃபைலோடவே ஒட்டியிருக்கு. அதனால ரெண்டும் வேணும்.

[13:20] எங்க அப்பாவோட ஒப்புகை அட்டை

இப்ப நாலாவது கேள்வி.

எங்க அப்பா முக்கியமான லெட்டர் எதுவா இருந்தாலும் ரிஜிஸ்டர் தபால்ல, ஒப்புகை அட்டையோடதான் அனுப்புவார். லெட்டர் போய்ச் சேர்ந்ததும் அங்க வாங்கினவர் கையெழுத்தோட அந்த அட்டை வீட்டுக்குத் திரும்பி வரும். அப்பா அதை ஒரு கம்பியில குத்தி வெச்சிருப்பார். வருஷக்கணக்கா. "எதுக்குப்பா இதெல்லாம்?"னு கேட்டா, "தேவைப்படற அன்னைக்குத் தெரியும்"பார்.

ஏஎஸ்2-ல அந்த அட்டைக்குப் பேர் எம்டிஎன், மெசேஜ் டிஸ்பொசிஷன் நோட்டிஃபிகேஷன். எதிர் சர்வர் நம்ம மூட்டையைத் திறந்து, கையெழுத்தைச் சரிபார்த்து, உள்ள இருக்கற ஃபைலோட ஹாஷைத் தானே திரும்பக் கணக்குப் போடும். அப்புறம் "இந்த நம்பர் மெசேஜ் வந்துச்சு, திறந்தேன், இதுதான் அதோட ஹாஷ்"னு எழுதி, தன்னோட பிரைவேட் கீயால கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். அதே இணைப்புல உடனேயும் வரலாம், கொஞ்ச நேரம் கழிச்சு தனியாவும் வரலாம்.

அப்பாவோட அட்டையை விட இது ஒரு படி மேல. தபால் அட்டை சொல்றது 'ஒரு கவர் கிடைச்சது'ன்னு மட்டும்தான். "கவர் வந்துச்சு, உள்ள வெறும் பேப்பர்தான் இருந்துச்சு"ன்னு வாங்கினவர் சாதிக்கலாம். எம்டிஎன்ல அது முடியாது. உள்ள இருந்த ஃபைலோட ஹாஷையே அவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்க. நம்மகிட்ட இருக்கற ஃபைலுக்கு ஹாஷ் போட்டுப் பார்த்து ரெண்டும் ஒண்ணா இருந்தா, அந்த எழுத்து மாறாம அந்த ஃபைல் அவங்க கையில கிடைச்சிருக்கு. அதை அப்புறம் அவங்க மறுக்கறது ரொம்பக் கஷ்டம்.

ஆனா எம்டிஎன் எதைச் சொல்லலைன்னும் தெரிஞ்சுக்கணும். "கிடைச்சது"ன்னு சொல்லும். "புரிஞ்சது"ன்னு சொல்லாது. புரிஞ்சதான்னு சொல்ல எக்ஸ்12-ல 997-னு தனி ஆவணம் இருக்கு. "உங்க ஆர்டரை ஏத்துக்கறேன்"ங்கறதுக்கு 855. வீட்டுக்கு லெட்டர் வர்றது, பிரிச்சுப் படிக்கறது, "சரி"ன்னு பதில் போடறது, மூணும் வேற வேற. இதைக் குழப்பிக்கிட்டு நடந்த சண்டைகளை நான் நிறைய பார்த்திருக்கேன்.

[16:05] மூணு ஃபைல்ல ரெண்டு

சரி, கதைக்கு வர்றேன்.

டீம் லீடு கேட்டதுக்கு அப்புறம் நான் எம்டிஎன் எல்லாம் தேடி எடுத்தேன். முதல் ஃபைல்: எம்டிஎன் இருக்கு, அவங்க கையெழுத்து இருக்கு, ஹாஷ் பொருந்துது, நேரம் சரக்கு போய்ச் சேர்றதுக்கு ரொம்ப நாள் முன்னாடி. ரெண்டாவதும் அதே மாதிரி. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூணாவது ஃபைலுக்கு எம்டிஎன் இல்ல.

லாக்ல பார்த்தா, ஃபைல் கிளம்பியிருக்கு. பதிலுக்குக் காத்திருக்கும்போது இணைப்பு அறுந்திருக்கு. இது சகஜமா நடக்கறதுதான். அதனாலதான் எம்டிஎன் வரலைன்னா சிஸ்டம் கொஞ்ச நேரம் விட்டு தானாவே திரும்ப அனுப்பற மாதிரி வெச்சிருப்போம். பழைய மெசேஜ் நம்பர்லயே திரும்ப அனுப்பும். ஒருவேளை முதல் தடவையே கிடைச்சிருந்தா, "இது ஏற்கெனவே வந்துடுச்சு"ன்னு எதிர் சர்வர் ரெண்டாவதை ஒதுக்கிடும்.

எங்க சிஸ்டம் திரும்ப அனுப்பல. ஏன் அனுப்பலைன்னு செட்டிங்ஸைத் திறந்தேன். திரும்ப முயற்சிக்க வேண்டிய எண்ணிக்கை: 0. மாத்தினவர் பேரும் தேதியும் பக்கத்துலயே இருந்துச்சு. என் பேர். ரெண்டு வாரம் முன்னாடி ஒரு டெஸ்ட்டுக்காக மாத்தினேன், முடிஞ்சதும் பழையபடி வைக்க மறந்துட்டேன். அதோட 'அனுப்பப்பட்டது'ங்கற பச்சை எழுத்து, எம்டிஎன் வந்தாலும் வராட்டியும் ஒரே மாதிரிதான் காட்டியிருக்கு.

காலையில "தைரியமா சொல்லுங்க"ன்னு சொன்ன அதே அண்ணாவுக்கு மதியம் நானே போன் பண்ணேன். "அண்ணா, ரெண்டு நம்ம பக்கம் சரி. ஒண்ணு என் தப்பு." கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அந்த ரெண்டுக்கு ஆதாரத்தை அனுப்புங்க தம்பி, முதல்ல அதைப் பார்ப்போம்"னார்.

அனுப்பினோம். ரெண்டு நாள்ல அந்த ரெண்டு ஃபைனையும் ரீடெயில் செயின் திரும்ப எடுத்துக்கிச்சு. ஃபைல் அவங்க வாசல் வரைக்கும் வந்து, உள்ள தப்பான இடத்துக்குப் போயிருக்கு. மூணாவது ஃபைனை என் கம்பெனி ஏத்துக்கிச்சு. என் வேலை போகல, ஆனா அந்த வருஷ அப்ரைசல் மீட்டிங் அவ்வளவு இனிமையா இல்ல.

நான் கத்துக்கிட்டது இதுதான். பெரிய கம்பெனியும் சின்ன கம்பெனியும் சண்டை போட்டா, வழக்கமா பெரியவங்க சொன்னதுதான் சட்டம். அன்னைக்கு அப்படி நடக்கல. ஏன்னா ஆதாரம் அவங்களே போட்ட கையெழுத்து. அதே கணக்கு எனக்கு எதிராவும் வேலை செஞ்சுது, அதுவும் நியாயம்தான். ரசீது யார் பக்கமும் சாயாது. அதனால ரசீது யாருக்கு ரொம்ப முக்கியம்னா, குரல் சின்னதா இருக்கறவங்களுக்கு.

[19:10] பூட்டு நல்லாத்தான் இருக்கு, மனுஷங்கதான்

இவ்வளவு கணக்கும் ஒரு நம்பிக்கை மேல நிக்குது: என்கிட்ட இருக்கற பப்ளிக் கீ உண்மையிலேயே அந்தக் கம்பெனியோடதுதான்ங்கற நம்பிக்கை.

அது எப்படி என்கிட்ட வருது? பெரும்பாலும் மெயில்ல, சர்ட்டிஃபிகேட்டா. "எங்க சர்ட்டிஃபிகேட் முடியப்போகுது, இதைப் போட்டுக்கோங்க"ன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மெயில் வரும். கண்ணை மூடிக்கிட்டுப் போட்டீங்கன்னா, அது திருடனோட சர்ட்டிஃபிகேட்டா இருந்தா? நீங்க பூட்டறது எல்லாம் திருடனோட உண்டியல். அவன் போடற கைநாட்டு உங்க சிஸ்டத்துக்கு அசல் கைநாட்டு. குவான்டா பேர்ல நடந்த அதே வித்தைதான், கொஞ்சம் நவீனமா.

இதுக்கு மருந்து ரொம்பப் பழையது. போன். ஒவ்வொரு சர்ட்டிஃபிகேட்டுக்கும் ஃபிங்கர்பிரின்ட்னு ஒரு ஹாஷ் உண்டு. போன் பண்ணி அவங்களை அதைப் படிக்கச் சொல்லுங்க, உங்ககிட்ட இருக்கறதோட ஒத்துப் பாருங்க. முக்கியமா, அந்த மெயில்ல கீழ இருக்கற நம்பருக்குப் பண்ணாதீங்க. உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கற நம்பருக்குப் பண்ணுங்க.

அடுத்தது காலாவதி. சர்ட்டிஃபிகேட் முடிஞ்ச அன்னைக்கு யாரும் ஹேக் பண்ண வேண்டாம், தானாவே எல்லாம் நிக்கும். வெப்சைட்டுகளுக்குப் பொதுவா தர்ற டிஎல்எஸ் சர்ட்டிஃபிகேட்டோட ஆயுளைக் குறைச்சுக்கிட்டே போறாங்க. 2026 மார்ச் 15-ல இருந்து அதிகபட்சம் 200 நாள், 2027-ல 100, 2029-ல 47 நாள். அதே சர்ட்டிஃபிகேட்டையே ஏஎஸ்2 கையெழுத்துக்கும் வெச்சிருக்கறவங்க ஒவ்வொரு தடவையும் எல்லா பார்ட்னருக்கும் புதுசை அனுப்பி மாத்தச் சொல்லணும். நூறு பார்ட்னர் இருந்தா நினைச்சுப் பாருங்க. கையெழுத்துக்குத் தனி சர்ட்டிஃபிகேட் வெச்சுக்கறதுதான் நல்லது.

மூணாவது, பழைய கணக்குமுறை. 2017-லயே கூகுளும் ஆம்ஸ்டர்டாமோட சிடபிள்யூஐ ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, ஒரே ஷா-1 ஹாஷ் வர்ற ரெண்டு வேற வேற பிடிஎஃப் ஃபைலை உருவாக்கிக் காட்டிட்டாங்க. அதாவது அந்தக் கைரேகை இனிமே தனித்துவம் இல்ல. இன்னும் "எங்க சிஸ்டம் பழசு, ஷா-1 தான் வரும்"னு சொல்ற பார்ட்னர் இருக்காங்க. கேட்டா ஷா-256-க்கு மாறச் சொல்லுங்க.

நாலாவது, ஃபைல் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் என்ன ஆகுதுங்கறது. 2023 மே மாசம் மூவ்இட்ங்கற ஃபைல் அனுப்பற சாஃப்ட்வேர்ல இருந்த ஓட்டை வழியா க்ளாப்ங்கற கும்பல் உள்ள புகுந்துச்சு. 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களோட டேட்டா போச்சு. பிபிசி, பிரிட்டிஷ் ஏர்வேஸ், பூட்ஸ் மாதிரி கம்பெனிகளோட ஊழியர் விவரம் கூட போச்சு. அவங்க மூணு பேருக்கும் சம்பளக் கணக்கு பார்த்த செல்லிஸ்ங்கற ஒரே கம்பெனி வழியா. வழியில யாரும் திருடல. இன்டர்நெட்டைப் பார்த்து நிக்கற சர்வர்ல குவிஞ்சு கிடந்த ஃபைல்களைத் திருடினாங்க. வந்த கூரியரை வாசல்லயே அடுக்கி வெச்சா அப்படித்தான். ஃபைல் வந்ததும் உள்ள எடுத்துட்டு, வாசல்ல இருக்கறதை அழிச்சிடணும்.

[23:00] உங்க பில்லுல இருக்கற கட்டம் கட்டமான படம்

"இதெல்லாம் வெளிநாட்டு ரீடெயில் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?"ன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு விஷயம்.

நம்ம ஊர்ல 2020 அக்டோபர் 1-ல இருந்து ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் வந்துச்சு. முதல்ல 500 கோடிக்கு மேல விற்றுமுதல் இருக்கற கம்பெனிகளுக்கு. படிப்படியா குறைச்சு, 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து 5 கோடிக்கு மேல இருந்தாலே கட்டாயம், சில துறைகளுக்கு மட்டும் விலக்கு. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குப் போடற பில்லை அரசோட போர்ட்டலுக்கு அனுப்பணும். போர்ட்டல் சரிபார்த்து ஐஆர்என்னு 64 எழுத்து நம்பர் ஒண்ணு கொடுக்கும். அது வேற ஒண்ணும் இல்ல. விற்கறவரோட ஜிஎஸ்டி நம்பர், நிதியாண்டு, ஆவண வகை, பில் நம்பர் எல்லாம் சேர்த்துப் போட்ட ஷா-256 ஹாஷ். அதோட போர்ட்டல் தன்னோட டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு ஒரு க்யூஆர் கோடும் தரும்.

இங்க கையெழுத்துப் போடறது வாங்கறவர் இல்ல, நடுவுல இருக்கற அரசு போர்ட்டல். முறை வேற. ஆனா ஹாஷும் கையெழுத்தும் பண்ற வேலை அதேதான். 2000-ம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையெழுத்துக்கு சட்ட அங்கீகாரம் கொடுத்திருக்கறதால, இது வெறும் டெக்னிக்கல் அலங்காரம் இல்ல.

[24:30] முடிக்கறதுக்கு முன்னாடி

புதுசா ஏதாவது ஒரு கம்பெனியோட டேட்டா இணைப்பு போடற வேலை உங்களுக்கு வந்தா, அது ஏஎஸ்2-ஆ இருக்கட்டும், எஸ்எஃப்டிபி-யா இருக்கட்டும், ஏபிஐ-யா இருக்கட்டும், முதல் நாள் மீட்டிங்லயே இந்த அஞ்சு கேள்வியைக் கேட்டுடுங்க.

1. கிடைச்சதுக்கு ரசீது எப்படி வரும்? அதுல கையெழுத்து இருக்குமா? (எஸ்எஃப்டிபி-ல இது தானா வராது. தனியா ஏற்பாடு பண்ணணும்.)
2. ரசீது வரலைன்னா எத்தனை தடவை, எவ்வளவு நேரம் விட்டுத் திரும்ப அனுப்பணும்? ஒரே ஆவணம் ரெண்டு தடவை போனா அவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?
3. ரசீதையும் அனுப்பின அசல் ஃபைலையும் எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்? (ரெண்டும் வேணும். ஃபைல் இல்லாம ஹாஷ் மட்டும் இருந்தா ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.)
4. சர்ட்டிஃபிகேட் மாறும்போது யார் யாருக்குப் போன் பண்ணி உறுதிப்படுத்தணும்?
5. ஸ்கிரீன்ல பச்சையா 'அனுப்பப்பட்டது'ன்னு வந்தா அதுக்கு உண்மையில என்ன அர்த்தம்?

அஞ்சாவது கேள்வி எனக்கு எவ்வளவு செலவு வெச்சதுன்னு கேட்டுட்டீங்க.

அந்த அக்கவுண்டன்ட் அண்ணா இப்பவும் பேசுவார். நான் ஏதாவது "முடிச்சாச்சுண்ணா"ன்னு சொன்னா உடனே சிரிச்சுக்கிட்டே கேட்பார்: "ரசீது வந்துருச்சுங்களா தம்பி?" வந்திருக்கான்னு பார்த்துட்டுத்தான் பதில் சொல்வேன்.

அடுத்த எபிசோடுல, யுபிஐ-ல காசு கட் ஆகி எதிர்ல போய்ச் சேராம நிக்குதே, அந்த நேரத்துல உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கலாம். அதுவும் ஒரு வகையில ரசீது வராத கதைதான். அதுவரைக்கும் பத்திரமா இருங்க, வர்றேன்.